மொட்டைக் கிடாவின் ஈரல்

கத்தி கட்டையில் விழும்போதெல்லாம் அவளுக்குக் கண் தானாக மூடித் திறக்கும். கறிக்கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு இது வேடிக்கையான நோய்தான். கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை கத்தி விழுந்துகொண்டே இருக்கும், இவள் கண்ணும் மூடி மூடித் திறந்துகொண்டே இருக்கும். கறி வாங்க வருகிறவர்கள் கேலி செய்தால், "எலும்புத் தூள் தெறிக்குமில்ல, அதான்" என்று சிரித்து வைப்பாள். தெறிப்பது எலும்புத் தூள் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். கேட்டால் நாம் ஏதாவது செய்ய வேண்டி வந்துவிடுமே என்று யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அவள் புருஷனை எல்லோரும் 'ஒருவெட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு பெரிய தொடை எலும்பானாலும் ஒரே வெட்டில் இரண்டாக்கிவிடுவான். இரண்டாவது வெட்டு வெட்டினால் தொழிலுக்கே அவமானம் என்பான். இன்னொரு பெருமையும் அவனுக்கு உண்டு. புள்ளி விழுந்த ஈரலை அவன் விற்றதே இல்லை. வயிற்றைக் கீறி ஈரலை எடுத்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான், ஓரத்தைக் கட்டைவிரலால் தடவுவான். நல்ல ஈரலின் ஓரம் கூராக இருக்கும், கெட்டதன் ஓரம் ஊதி மழுங்கியிருக்கும். மழுங்கல் என்றால் நாய்க்குப் போய்விடும். "ஈரலு பொய் பேசாது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். பகலெல்லாம் ஈரல் பார்த்தவன் சாயங்காலமானால் தன் ஈரலில் சாராயத்தை ஊற்றிக்கொண்டு வருவான். வந்ததும் கை நீளும்.

குடல் கழுவுவது, தலையைத் தீயில் வாட்டுவது, ஈரலைக் கொக்கியில் மாட்டுவது எல்லாம் அவள் வேலை. கல்லாவில் அவனுடைய அக்கா உட்கார்ந்திருப்பாள். புருஷன் செத்ததும் தம்பி வீட்டுக்கு வந்தவள், இவளுக்கு நாத்தனார். தம்பி பெண்டாட்டியை அடிக்கும்போது அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள். சத்தம் வெளியே போனால் வியாபாரம் கெட்டுவிடும் என்று அவளுக்குக் கவலை.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டிருந்தது. கடை முன்னால் சாக்குப்படுதாவை இறக்கி விட்டிருந்தார்கள். ஒருவெட்டு நெஞ்செலும்பு நறுக்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளாகவே அவனுக்குப் பட்டப்பகலில் கண் சொக்குகிறது. நின்றபடியே தலை முன்னால் விழும், திடுக்கென்று நிமிர்வான், மறுபடி வெட்டுவான். அவள் குடல் கழுவும் தொட்டியடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் ஏன் தூங்கி விழுகிறான் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கத்தி விழுந்தது. வழக்கம்போல அவள் கண் மூடியது. திறந்தபோது கட்டையின் மேல் கறித்துண்டுகளுக்கு நடுவே அவனுடைய இடதுகைக் கட்டைவிரல் கிடந்தது.

கறி வாங்க நின்ற கிழவர் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். ஒருவெட்டு கத்தவில்லை. எந்த ஆட்டினுடையது என்று யோசிக்கிறவன்போல அந்த விரலைப் பார்த்தான். ரத்தம் பீச்சிக் கொக்கியில் தொங்கிய ஈரலில் பட்டு வழிந்தது. அவள்தான் ஓடிப்போய் முந்தானையால் அவன் கையைச் சுற்றி இறுக்கினாள். "விரல எடுடி, விரல எடு" என்று நாத்தனார் அலறினாள். ஆஸ்பத்திரியில் தைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எலும்பு நொறுங்கியிருந்தது. என்ன இருந்தாலும் ஒருவெட்டு இல்லையா.

ஆனால் அங்கே அவன் விரலைவிட அவன் கண்ணைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. வயிற்றைத் தட்டிப் பார்த்தார்கள், உள்ளே நீர் கோத்திருந்தது. படுக்க வைத்துக்கொண்டார்கள்.

அவள் கதைக்கு வருவோம். ஒருமுறை அவன் எட்டி உதைத்ததில் அவளுக்கு வலது விலா இரண்டு உடைந்தது. மூச்சு விட்டால் குத்தும். அடுத்த வீட்டுத் தையல்காரி வந்து துணி கட்டி விட்டாள். மிஷின் மிதித்து மிதித்து முதுகு போனவள் அவள். வலிக்குக் கஞ்சா இலையை வெல்லத்தில் பிசைந்து உருண்டையாகச் சாப்பிடுவாள். "எம் முதுகு வலிக்கு நான் திங்கிறேன். உம் முதுகு வலிக்கு நீ அவனுக்குக் குடு" என்று இலையையும் கொடுத்தாள்.

அன்றிலிருந்து கடை சாத்தியதும் அவனுக்கு ஓர் இனிப்பு உருண்டை. அவனுக்கு இனிப்பென்றால் உயிர். தின்றுவிட்டுக் குடிக்கப் போவான், திரும்பி வந்ததும் கட்டிலில் சாய்ந்துவிடுவான். சில நாள் மட்டும் உருண்டை வேலை செய்யாமல் போகும், அன்றைக்கு அடி வாங்கிக்கொள்வாள். மற்ற நாளெல்லாம் முழு உடம்போடு எழுந்திருப்பாள். அது எவ்வளவு பெரிய சுகம் என்பது அடி வாங்கியவளுக்குத்தான் தெரியும். வருஷக்கணக்காக இப்படியே ஓடியது.

இலை நாக்கில் தட்டுப்படாதபடி இவள் சாற்றை மட்டும் பிழிந்து வெல்லத்தில் சேர்ப்பாள். பிழிந்த சக்கையைக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது, நாத்தனாருக்குப் பாம்புக் கண். கொல்லையில் மொட்டை நின்றிருந்தது. தாய் செத்துப்போன குட்டியாக வந்து அவள் கையால் பால் குடித்து வளர்ந்த கிடா. கொம்பு முளைக்காததால் மொட்டை. கொழுக்கட்டும் என்று ஒருவெட்டு அதை விட்டு வைத்திருந்தான். சக்கையெல்லாம் மொட்டைக்குப் போனது. தின்றுவிட்டுக் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். அந்த வீட்டில் நிம்மதியாக இருந்த ஒரே ஜீவன் அதுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டிலருகே நின்று கேட்டாள். "குடிக்கிறது சரி. கஞ்சா சாப்பிடற பழக்கம் உண்டா? சிறுநீர்ல தெரியுது."

ஒருவெட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டான். "யாரப் பாத்து என்ன கேக்கறீங்க? நான் குடிகாரன். அத ஒத்துக்கறேன். அந்தக் கருமத்த நான் கையால தொட்டதில்ல."

நாத்தனார் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. திரும்பி இவளைப் பார்த்தாள். இவள் தலையைக் குனிந்து அவன் போர்வையைச் சரி செய்தாள்.

மத்தியானம் நாத்தனார் கஞ்சி வாங்கப் போன சமயம் பார்த்து அவள் டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். கஞ்சாவத் தின்னா ஈரல் கெட்டுப்போகுமா?"

"நீங்கதான் குடுத்தீங்களா?"

அவள் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். டாக்டரம்மா பழைய தழும்பையும் புதுத் தழும்பையும் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள்.

"எத்தன நாளா?"

"எம் விலா ஒடஞ்ச நாள்லேர்ந்து. வருஷக்கணக்கா. அவரு ஈரல நாந்தான் தின்னுட்டனா? அத மட்டும் சொல்லுங்க. கெட்ட ஈரல நெதமும் பாக்குறவ நான். கண்ண மூடினா அதான் வருது."

"கெடும்னு அடிச்சுச் சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லம்மா. கெடாதுன்னு சொல்லவும் இல்ல. ஆராய்ச்சி பண்ணினவங்களே ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. வாயால திங்கிறது எதுவும் முதல்ல ஈரல் வழியாத்தான் போகும். நல்ல ஈரல் சமாளிச்சுக்கும். இவரோடது சாராயத்துல வெந்துபோன ஈரல். உங்க உருண்டையக் கழிக்க அதுக்குத் தெம்பில்ல. அதனாலதான் மருந்து உடம்புலயே நின்னு பகல்லயும் தூக்கம்."

"அப்ப அந்த வெரலு?"

"வெரல் போனதுல உங்க உருண்டைக்குப் பங்கு உண்டு. ஈரல் போனதுல எவ்வளவு பங்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன். ஆனா இனிமே குடுக்கக் கூடாது. ஒருத்தருக்குத் தெரியாம குடுத்தது தப்பு, அதயும் சொல்லிடறேன்."

"நிறுத்திட்டா?"

"கொஞ்ச நாளைக்குத் தூக்கம் வராது. எரிச்சல் வரும். கோபம் வரும்."

"அது ஏற்கெனவே இருக்கு டாக்டரம்மா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அடிச்சா நேரா இங்க வாங்க. பதிஞ்சு வைக்கிறேன்" என்றாள். அவள் தலையாட்டினாள். அவனைப் பிழைக்க வைக்க வேண்டுமானால் உருண்டையை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் அவன் முழித்திருப்பான். அவனுக்கு மருந்து, இவளுக்கு அடி. இதற்கு நடுவில் வழி எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே திரும்பினாள். கதவுக்கு வெளியே கஞ்சித் தூக்கோடு நாத்தனார் நின்றிருந்தாள்.

நாத்தனார் ஆஸ்பத்திரியில் மூச்சு விடவில்லை. அத்தனை பேருக்கு நடுவே குடும்ப மானத்தை ஏலம் போட அவளுக்கு மனமில்லை. அவனை வீட்டுக்கு அனுப்புகிற வரை பொறுத்தாள். வந்து அவன் கட்டிலில் சாய்ந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். கதவடியில் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

அவள் கொல்லைத் தொட்டியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அவன் பின்னாலிருந்து தலைமுடியைக் கொத்தாகப் பிடித்த பிறகுதான் வந்ததே தெரிந்தது. தலை பின்னால் வளைந்து தொட்டிச் சுவரில் மோதியது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

"எனக்கே மருந்து வச்சியாடி. எங் கையாலேயே தின்ன வச்சியா."

"விடுங்க. சொல்றேன், விடுங்க."

"என்னத்தடி சொல்லுவ. எங் கண்ணப் பாரு. மஞ்ச கிழங்கு மாதிரி இருக்கு. எவ்வளவோ பேரு என்னவிட அதிகமாக் குடிக்கிறான், எவனுக்கும் ஒண்ணும் ஆகல. எனக்கு மட்டும் ஏன் ஆச்சு? நீ வச்சதுதான்." காலால் அவள் இடுப்பில் உதைத்தான். அவள் பாத்திரங்களுக்கு மேல் விழுந்தாள். உதட்டில் பல் பதிந்து வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

நாத்தனார் வழக்கம்போலப் போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"சக்கைய எங்கடி போட்ட?" என்றாள். "இத்தன வருஷம் எங் கண்ணுக்குப் படாம எங்க கொட்டின?"

அவள் கண் அவளை மீறி மொட்டை பக்கம் போய்விட்டது.

ஒருவெட்டு அதைப் பார்த்துவிட்டான். கிடாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தொழில்காரனுக்கு வருகிற தெளிவு. "அப்ப அதுவும் எங்கூடவே தின்னுருக்கு" என்றான். "நல்லதாப் போச்சு. ஈரலு பொய் பேசாது. இப்பவே அறுத்துப் பாக்குறேன். அதுல ஒரு புள்ளி இருந்தாலும் அடுத்து உன் கழுத்துதான். அக்கா, கத்திய எடு."

"வேணாங்க. அது என்ன பண்ணுச்சு. நான் வளத்ததுங்க." அவள் அவன் காலைப் பிடித்தாள். உதறிவிட்டான்.

ஒரு கிடாவின் ஈரலைப் பார்த்து ஒரு மனுஷன் ஈரலுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. டாக்டரம்மா அங்கே இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் இந்த மூன்று பேருக்கும் தெரிந்த ஒரே கோர்ட்டு அதுதான். வயிற்றைக் கீறி உள்ளே இருப்பதைப் பார்ப்பது. அவளுமே ஒரு கணம் அதைத்தான் நம்பினாள். புள்ளி இருந்தால் நான்தான் கொலைகாரி, இருக்கக் கூடாதே என்று நினைத்தாள். வெட்டுப்பட்டுச் சாவதைவிட அந்த நினைப்புதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

கிடாவின் காலைப் பிடிக்கச் சொன்னான். பிடித்தாள். மொட்டைக்குச் சந்தேகமே வரவில்லை, அவள் கையை நக்கியது. அவன் கட்டுப் போட்ட இடது கையால் தாடையைத் தூக்கப் பார்த்தான். கட்டைவிரல் இல்லாத கையில் தாடை நிற்கவில்லை, வழுக்கியது. அதற்குள் வலது கை கத்தியை இழுத்துவிட்டது. அறுப்பு கோணலாக இறங்கித் தோலையும் பாதித் தொண்டையையும் கிழித்தது. அவ்வளவுதான்.

மொட்டை அப்போதுதான் கத்தியது. குழந்தை கத்துகிற மாதிரி இருந்தது. பின்னங்காலால் அவள் நெஞ்சில் உதைத்துவிட்டு எழுந்து ஓடியது. அடைத்த கொல்லையில் எங்கே ஓட முடியும். சுவரில் மோதித் திரும்பி, தொட்டியில் மோதித் திரும்பி, போன இடமெல்லாம் ரத்தம் பீய்ச்சியது. வெளுத்துக் காயப்போட்டிருந்த துணியெல்லாம் சிவந்தது. நாத்தனார் முந்தானையில் தலை முட்டி, அவளையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. கிழிந்த தொண்டையில் மூச்சு கரகரவென்று ஓடியது. சாகவில்லை.

"அறுடா, அறுத்துத் தொலைடா" என்று நாத்தனார் கிடாவுக்கு அடியிலிருந்து கத்தினாள்.

ஒருவெட்டு இரண்டடி வைத்தான். அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து மூச்சு வாங்கினான். கத்தி அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அத்தனை வருஷத்தில் கத்தி அவன் கையிலிருந்து கீழே விழுந்து அவள் பார்த்ததே இல்லை.

அவள் எழுந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்க் கத்தியை எடுத்தாள். மொட்டையின் தோள் மேல் முழங்காலை ஊன்றினாள். "போயிடு கண்ணு, போயிடு" என்று அதன் காதில் சொல்லிவிட்டு எலும்பு தட்டும் வரை இழுத்தாள். கால்கள் நாலும் ஒருமுறை விறைத்துத் தளர்ந்தன. அதன் பிறகு கொல்லையில் சத்தமில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதுகொண்டேதான் மற்ற வேலையைச் செய்தாள். தொங்கவிட்டாள், கீறினாள், கையை உள்ளே விட்டு ஈரலை அறுத்து எடுத்தாள். தண்ணீரில் அலசி அவன் வலது உள்ளங்கையில் வைத்தாள். ஆவி பறந்தது.

ஒருவெட்டு அதை வெயிலில் பிடித்தான். புரட்டினான். மிச்சமிருந்த கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினான். ஓரம் கூராக இருந்தது. மேலே ஒரே நிறம், ஒரு புள்ளி இல்லை. நம்பாமல் குறுக்கே ஒரு கீறல் போட்டு உள்ளேயும் பார்த்தான். கொக்கியில் மாட்டினால் முதல் ஆளே வாங்கிப்போகிற ஈரல்.

"ஆட்டு ஈரலும் மனுஷன் ஈரலும் ஒண்ணாடா?" என்று நாத்தனார் முனகினாள். அவள் சொன்னது நியாயம்தான். கத்தியை எடுத்துக் கொடுக்கும்போது அந்த நியாயம் அவளுக்குத் தோன்றவில்லை.

ஒருவெட்டு அவள் பக்கம் திரும்பினான். "எதுக்குடி போட்ட?" என்றான். இந்தக் கேள்வியை இப்போதுதான் கேட்கிறான்.

"நீங்க தூங்கத்தான். நீங்க தூங்கினா எனக்கு அடி இல்ல. வேற ஒண்ணும் இல்லங்க." முந்தானையால் வாய் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் செஞ்சதும் தப்புதான். உங்க வெரலு எங் கணக்குல. ஈரலு யாரு கணக்குன்னு டாக்டரம்மாவுக்கே முழுசாத் தெரியல. ஆனா ஒண்ணு. மொட்ட குடிக்கலங்க."

அவன் ஈரலை எறிந்துவிட்டுக் கையை ஓங்கினான். வந்த கையை அவள் பிடித்தாள். தடுக்க வேண்டும் என்று நினைத்துப் பிடிக்கவில்லை. கிடாக் காலைப் பிடித்த பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. பிடித்த பிறகுதான் தெரிந்தது. அவன் மணிக்கட்டு அவள் விரல்களுக்குள் அடங்கி இருந்தது. தோலும் எலும்பும்தான் இருந்தன. அவன் திமிறினான், கை வரவில்லை. இன்னும் கொஞ்சம் முறுக்கினால் முறிந்துவிடும். எத்தனை மாதமாக இந்தக் கை இப்படி இருக்கிறதோ. செத்துப்போன கைக்கா நான் தினமும் உருண்டை பிடித்துக் கொடுத்தேன் என்று நினைத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. முறுக்கினாள். அவன் "ஆ" என்றான். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்ததை நினைத்துப் பயந்து விட்டுவிட்டாள்.

"இனிமே உருண்ட கெடையாது. டாக்டரம்மா நிறுத்தச் சொல்லிட்டாங்க. குடியையும் நிறுத்தினா இருப்பீங்க, இல்லன்னா போவீங்க. முழிச்சே இருங்க. நானும் முழிச்சிதான் இருப்பேன்" என்றாள். பிறகு நாத்தனாரைப் பார்த்து, "அண்ணி, போய்க் கதவத் தெறங்க. கடைக்கு ஆளு வர்ற நேரம்" என்றாள். நாத்தனார் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

அவள் முகம் கழுவிக்கொண்டு கத்திகளையெல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். ஒருவெட்டும் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து வாசலோர முக்காலியில் உட்கார்ந்தான். வேறெங்கே போவான். வெயில் ஏறியிருந்தது, ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது. மொட்டையைக் கொக்கியில் மாட்டியிருந்தாள். ஈரலை மட்டும் மாட்டவில்லை.

அன்று தெருவில் உட்கார்ந்துபோன அதே கிழவர் வந்தார். அவள் வீங்கிய உதட்டைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். "தம்பி வெட்டலியா?" என்று கேட்டார்.

"கை ஆடுது. இனிமே நாந்தான். என்ன வேணும்?"

"தொட எலும்பு. சூப்புக்கு."

தொடையைக் கட்டையில் வைத்துப் பெரிய கத்தியை ஓங்கிப் போட்டாள். எலும்பு பாதிதான் போனது. மறுபடி ஓங்கிப் போட்டாள், இரண்டானது. இரண்டு வெட்டு ஆனதில் அவளுக்கு ஒரு அவமானமும் இல்லை. வெட்டி முடித்துவிட்டுத்தான் தன் கண் இரண்டு தடவையும் மூடவில்லை என்று உணர்ந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முக்காலியில் அவன் கட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் கொஞ்சம் சின்னதா வெட்டிக் குடும்மா" என்றார் கிழவர்.

சரி என்று கத்தியை ஓங்கினாள். கத்தி விழுந்தது. அவன் கண் மூடித் திறந்தது.